வரவேற்பதில் வல்லவர்

நாட்டின் வேறெந்த மாவட்டத்துக்கும் வாய்க்காத பாராளுமன்ற உறுப்பினர்கள் நுவரெலியா மாவட்டத்துக்கு வாய்த்திருக்கிறார்கள். எங்கள் ஊரான நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவில் இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். விஷயம் தெரியாதவர்கள். ஒரு பிளேன்டீக்கு ஓர் எம்.பி. என்ற கணக்கில் நாள்தோறும் நாலைந்து பேரைத் திட்டித் தீர்த்துவிட்டு, மழை விட்டதும் வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கௌரவ உறுப்பினர்களின் அருமை எங்கே தெரியப்போகிறது? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதிய ஜனாதிபதி ஒருவர் கொழும்பில் சத்தியப்பிரமாணம் செய்கிறார் என்று வையுங்கள். தன் அரசாங்கத்தின் முன்னுரிமைகள் என்று ஒரு பட்டியலை வாசிக்கிறார். வடக்கு உறுப்பினர், அதில் தன் மக்களுக்கு என்ன இல்லை என்று தேடுவார். தெற்கிலுள்ள எதிர்க்கட்சிக்காரர், அது எங்கே பிழைக்கும் என்று கணக்குப் பார்ப்பார். எங்கள் உறுப்பினரோ பட்டியல் முடியும் முன்பே வரவேற்று அறிக்கை விட்டுவிடுவார். பட்டியலில் ‘தோட்டம்’ இருந்தால் அதற்காக நன்றி. இல்லாவிட்டாலும், நாட்டுக்கு வருகிற நன்மை தோட்டத்துக்கும் வந்துதானே ஆக வேண்டும் என்று நன்றி. யார் பெயரையும் நான் தனியாகச் சொல்லப்போவதில்லை. ஒருவரைப் புகழ்ந்தால் மற்றவர் மனம் நோகும். இந்தத் திறமை எந்தக் கட்சிக்கும் தனிச்சொத்தும் அல்ல. சேவல், யானை, தொலைபேசி, திசைகாட்டி என்று சின்னங்கள் மாறலாம். கை கூப்பும் அழகு மாறுவதில்லை.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் மாவட்டத்து வாக்காளர்களின் கெட்ட பழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜனாதிபதித் தேர்தல் வந்தால் எங்கள் புள்ளடி தோற்கிறவருக்கே போய் விழுகிறது. 2005இல் ரணில் விக்கிரமசிங்கவை முன்னுக்குக் கொண்டுவந்தோம். நாட்டுக்கு மஹிந்த ராஜபக்‌ஷ வந்தார். 2010இல் சரத் பொன்சேகாவுக்குப் போட்டோம், திரும்பவும் மஹிந்த. 2019இல் சஜித் பிரேமதாச என்றோம்; கோட்டாபய வந்தார். 2024இல் மறுபடியும் சஜித் என்றோம். அநுர குமார திசாநாயக்க வந்தார். நடுவில் 2015இல் மட்டும் மைத்திரிபால சிறிசேனவுக்குப் போட்டது எப்படியோ பலித்துவிட்டது. ஐந்தில் நான்கு பிழை. இப்படிப்பட்ட ஜனங்களுக்குப் பிரதிநிதியாக இருப்பது லேசான காரியமா?

எங்கள் தலைவர்கள் முன்கூட்டியே சரியான வழியைக் காட்டாமலும் இல்லை. 2010, 2015, 2019, 2024 என்று நான்கு ஜனாதிபதித் தேர்தல்களிலும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஒரு வேட்பாளரைக் காட்டியது. நான்கு தடவையும் மாவட்டம் வேறொருவருக்கே அதிக வாக்குப் போட்டது. தலைவர் சொன்ன திசைக்கு நேர் எதிரே நடக்கிற கூட்டம் நாங்கள். அப்படியிருந்தும் எங்களை அவர்கள் கைவிட்டதில்லை. 2010இலும் 2019இலும் மாவட்டம் தோற்ற இரவில் காங்கிரஸ் வென்றிருந்தது, அமைச்சு வந்தது. 2015இல் மாவட்டம் வென்று காங்கிரஸ் தோற்றபோது தமிழ் முற்போக்குக் கூட்டணிக்கு அமைச்சு வந்தது. நாணயம் எந்தப் பக்கம் விழுந்தாலும் மலையகத்துக்கு ஒரு கொடி கட்டிய வாகனம் உண்டு. மக்கள் செய்த பிழைக்கு மக்களே பலனை அனுபவிக்க விட்டுவிடாமல், அந்தப் பலனைத் தாங்களே முன்வந்து அனுபவித்த தியாகிகள் இவர்கள்.

2024 செப்டெம்பர் 21 அன்றுதான் அபூர்வமான ஒன்று நடந்தது. கூட்டணி சஜித்தோடு நின்றது, காங்கிரஸ் ரணிலோடு நின்றது. எங்கள் மாவட்டத்தில் சஜித் முதலாவது, ரணில் இரண்டாவது, அநுர மூன்றாவது. நாட்டிலோ மூன்றாமவர் முதல்வரானார். இரண்டு கூடாரமும் ஒரே இரவில் தோற்றுப்போனதில், யாரை அனுப்பி வரவேற்பது என்ற சிக்கல் முதன்முறையாக எழுந்தது. அதை மக்களே தீர்த்துவைத்தார்கள். இரண்டு மாதம் ஆகும் முன்பே, நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத்தேர்தலில் மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்தைத் தூக்கித் தேசிய மக்கள் சக்தியிடம் கொடுத்தார்கள். செப்டெம்பரில் மூன்றாமிடம், நவம்பரில் முதலிடம். இந்தப் பாய்ச்சலை ஜனங்கள் யாரிடம் கற்றிருப்பார்கள்? நாற்பது ஐம்பது வருடமாகக் கண்முன்னே நடந்துகாட்டிய ஆசான்கள் இருந்தார்களே. படித்த மாணவன் வாத்தியார் நாற்காலியையே இழுத்துவிட்டான் என்பது வேறு விஷயம்.

ஆசான்களில் முதல்வர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1978இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் ஏறியவர், பிரேமதாச, டி.பி. விஜேதுங்க, சந்திரிகா குமாரதுங்க என்று நான்கு ஜனாதிபதிகளைப் பார்த்துவிட்டு, 1999 ஒக்டோபரில் காலமாகும் வரை அமைச்சராகவே இருந்தார். இதை இன்றைய உறுப்பினர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரியவரிடம் ஒரு குறை இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வரவேற்கப் போகிற இடத்தில் விலை பேசுகிற பழக்கம் அவரிடம் இருந்தது. அமைச்சர் நாற்காலியில் இருந்துகொண்டே 1984இல் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடத்தி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வாங்கினார். 1986 பொங்கலையொட்டி, தான் அங்கம் வகிக்கும் அரசாங்கத்துக்கு எதிராகவே பிரார்த்தனைப் போராட்டம் என்று காலை வேளையில் தொழிலாளரை வேலைக்குப் போகாமல் உட்காரவைத்தார். சில நாளிலேயே கொழும்பு இறங்கி வந்தது. நாடற்றவர்களாக நின்ற 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது. மந்திரி சபையில் இருக்கிற மனிதர் செய்கிற வேலையா இது? எவ்வளவு சங்கடம், எவ்வளவு மரியாதைக்குறைவு! அவருக்குப் பின் வந்தவர்கள் இந்தக் குறையை அடியோடு களைந்துவிட்டார்கள். அரசாங்கத்துக்குள் ஏறும் வித்தையை வைத்துக்கொண்டார்கள், உள்ளே போய்ப் பேரம் பேசுகிற நாகரிகமின்மையை விட்டுவிட்டார்கள்.

அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துப் புகழ்ந்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். (பெயர் ஒற்றுமை தற்செயல். யாரையும் குறிக்கவில்லை.) உன் படைக்கலம் எல்லாம் மாலை சூடி, நெய் பூசி, காவலுக்குள் பளபளக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற கருத்தில் சொன்னாள். எங்கள் உறுப்பினர்களின் மகஜர்களை நினைத்தால் எனக்கு அந்த ஆயுதசாலைதான் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு புதிய ஜனாதிபதிக்கும் ஒரு மகஜர். மூன்று மொழி, வண்ண அட்டை, முன்பக்கத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம். இரண்டு கையாலும் நீட்டுகிறார், அவர் இரண்டு கையாலும் வாங்குகிறார், படம் எடுக்கிறார்கள். எந்த மகஜரும் ஒரு மூலைகூட மடங்கியதில்லை. அடுத்த ஜனாதிபதிக்கும் அதையே கொடுக்கலாம். திகதியை மாற்றினால் போதும்.

சம்பளக் கதையைச் சொல்லாமல் இந்தப் புகழ்ச்சி நிறைவு பெறாது.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் எதிரெதிரே உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தம் போடுவது வழக்கமாக இருந்தது. அதில் எத்தனையோ வசவு கேட்டார்கள்; ஆனாலும் ஒரு மேசை இருந்தது, அந்தப் பக்கம் கம்பெனி, இந்தப் பக்கம் தொழிலாளி. நாளுக்கு 1000 ரூபாய் வேண்டும் என்று தொழிலாளர் தெருவில் இறங்கியபோது 2016 ஒக்டோபரில் கிடைத்தது எல்லாம் சேர்த்து 730. 2019 ஜனவரியில் 750. ஆயிரம் எட்டவில்லை. அப்போதுதான் எங்கள் பிரதிநிதிகளுக்கு ஞானம் பிறந்தது. கம்பெனியோடு மல்லுக்கட்டி ஏன் சட்டை கசங்க வேண்டும்? ஜனாதிபதி இருக்கிறாரே!

கோட்டாபய 2020 ஜனவரியில், மார்ச் 1ஆம் திகதியிலிருந்து ஆயிரம் என்றார். வரவேற்றார்கள். வந்தது 2021 மார்ச்சில், சம்பள நிர்ணய சபை வழியாக, 900 ரூபாயோடு 100 கொடுப்பனவு. தாமதமாக வந்ததையும் வரவேற்றார்கள். அதோடு கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து எழுந்து போய்விட்டன. மேசையே இல்லாமல் போயிற்று. மேசை போனதற்கு யாரும் பெரிதாக ஒப்பாரி வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அடுத்த வருடமே டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. அரிசிக்கும் மாவுக்கும் இந்த அறிவிப்பின் மகிமை தெரியவில்லை.

அடுத்தது 2024 மே தினம். கொட்டகலையில் காங்கிரஸின் மேடையில் ரணில் விக்கிரமசிங்க ஏறி 1700 என்றார். முதல் நாளே வர்த்தமானி வந்திருந்தது: 1350உம் 350உம். ஜனாதிபதித் தேர்தலுக்கு ஐந்து மாதம்கூட இல்லாத நேரம் என்பதை நான் குறிப்பிட விரும்பவில்லை. அப்படிக் குறிப்பிடுவது அபசகுனம். கம்பெனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில், வாக்களிப்புக்குச் சில நாள் முன்னர், 1350 என்று புதிய வர்த்தமானி வந்தது. 1700ஐ வரவேற்ற உற்சாகம் சற்றும் குறையாமல் 1350ஐயும் வரவேற்க முடிந்தவர்களை இந்த உலகத்தில் வேறெங்கு தேடுவீர்கள்? 350 ரூபாய் எங்கே போனது என்று கேட்பது சில்லறைப் புத்தி.

இப்போது புதிய ஆட்சி. 2025 நவம்பர் 7ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தை வாசித்த ஜனாதிபதி அநுர குமார, 1350ஐ 1550 ஆக்கி, வருகைக்கான ஊக்குவிப்பு என்று அரசாங்கமே நாளொன்றுக்கு 200 ரூபாய் கொடுக்கும் என்றார். ஆக 1750, ஜனவரியிலிருந்து, அதற்கு 500 கோடி ஒதுக்கீடு. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். கம்பெனி தோட்டத்தில், கம்பெனிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்கூலியில் ஒரு பகுதியை வரி கட்டுகிறவன் கொடுக்கிறான். அந்த வரியில் அவள் வாங்கும் சவர்க்காரத்தின் வரியும் அடக்கம். ஆளும் கட்சி உறுப்பினர் மேசையில் தட்டினார். அது அவர் கடமை. எதிர்க்கட்சியில் இருக்கும் எங்கள் மூத்தவர்களுக்கோ இருதலைக் கொள்ளி. எதிர்த்தால் தொழிலாளிக்கு எதிரி; ஆதரித்தால் கட்சிக்கு எதிரி. ஆனால் அனுபவம் கைகொடுத்தது. 1750இல் முதல் 1700 தங்களுடையது, மிச்சம் 50 மட்டும்தான் புதிய அரசாங்கத்துடையது என்று வரவேற்கும் பெருந்தன்மைக்கு அதில் தாராளமாக இடம் இருக்கிறது.

அரைப்பேர் விஷயத்தை யாராவது எழுப்பினார்களா என்று கேட்காதீர்கள். தோட்டம் வைத்த கிலோ வராவிட்டால் அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம் எழுதுகிற கணக்கப்பிள்ளைக்கு ஜனாதிபதியின் அறிவிப்பு கட்டுப்படாது. 1750 என்பது வர்த்தமானிக்குரிய எண்; மாதக் கடைசியில் சம்பளச் சிட்டையில் வருவது கொழுந்துக்குரிய எண். மழைமாதம் ஒன்றில் இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கிறவளுக்குத் தெரியும். அந்தத் தூரத்தைப் பாராளுமன்றத்தில் சொல்லி நல்ல நாளும் அதுவுமாக ஜனாதிபதியின் மனதைக் கெடுப்பானேன்?

புதிய ஆட்சியின் முன்னுரிமைகளை மூன்றாகச் சொல்கிறார்கள்: வறுமை ஒழிப்பு, டிஜிட்டல் பொருளாதாரம், கிளீன் ஸ்ரீலங்கா. மூன்றையும் எங்கள் உறுப்பினர்கள் மூன்று கையிருந்தால் மூன்று கையாலும் வரவேற்றிருப்பார்கள்.

கிளீன் ஸ்ரீலங்கா 2025 ஜனவரி முதலாம் திகதி தொடங்கியது. புதிய விளக்குமாறு, கையுறை, வெள்ளைத் தொப்பியோடு படம் வந்தது. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தின் காண், வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டியது. பத்துக் குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்று இருந்த வரிசைகளும் உண்டு. அதை விளக்குமாற்றால் கூட்ட முடியாது, இடித்துத்தான் கட்ட வேண்டும். ஆனால் இடிப்பதற்கு ஆண்டுகள் ஆகும். படத்துக்கு ஒரு நிமிடம் போதும். நேரத்தின் பெறுமதி தெரிந்தவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

டிஜிட்டல் பொருளாதாரம் இன்னும் அருமை. பல தோட்டங்களில் இன்றும் லயத்துக் கதவுக்கு என்று ஒரு விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கே யாருக்காவது ஞாபகம் வந்தால் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புவார்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்தபின் கிடைத்த பிள்ளைகள் இந்த மலையில் நிறையப் பேர். கடிதம் வராத வீட்டுக்கு டிஜிட்டல் வரப்போகிறது. நடுவிலுள்ள தபால்காரனை வீணாகத் தொந்தரவு செய்யாமல், நேரே அடுத்த நூற்றாண்டுக்குத் தாவிய எங்கள் உறுப்பினர்களின் தொலைநோக்கை வியக்கிறேன்.

வறுமை ஒழிப்பில் ஒரு சிறு தடங்கல் இருந்தது. அதை நீக்கிய பெருமையை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க வழியில்லாமல் இருந்தது. தோட்டத்து ஜனங்கள் வாக்குப் போட்டுச் சபைக்கு ஆள் அனுப்பலாம். அந்த ஆள் அவர்கள் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியாது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகளையும் பிரித்துப் புதிய சபைகளும் கிடைத்தன. இதெல்லாம் தமிழ் முற்போக்குக் கூட்டணி அமைச்சில் இருந்த காலத்தில், கேட்டு, திரும்பவும் கேட்டு, வாங்கியது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது கெட்ட முன்னுதாரணம். நல்லவேளை, அடிக்கடி நடப்பதில்லை.

மின்சாரத்தை மறந்துவிடப் பார்த்தேன். டிஜிட்டல் என்றாலும் தொழிற்சாலை என்றாலும் கொழும்பில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும் அல்லவா? காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர், குழாய்க்குள் இறங்கி, எங்கள் ஊரிலுள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தில் 50 மெகாவாட்டுக்குச் சுற்றுகிறது. 1965இலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. அங்கிருந்து நோட்டன் குளம், அங்கிருந்து கீழே லக்ஷபான. பத்து ஜனாதிபதிகள் வந்தாலும் அவர்களது முன்னுரிமைகள் எல்லாம் இந்த மழையில்தான் எரிய வேண்டும். அணையும் குழாயும் சுமக்கிற ஊருக்கு அந்த வருமானத்தில் ஏதாவது பங்கு உண்டா என்று ஒரு பிரேரணை கொண்டுவந்து நாட்டைக் குழப்பாத உறுப்பினர்களின் தேசப்பற்றை இந்த ஊரில் பிறந்தவன் என்ற முறையில் மெச்சுகிறேன்.

பழையவர்களை மட்டும் புகழ்ந்தால் புதியவர்கள் வருத்தப்படுவார்கள். தேசிய மக்கள் சக்தியிலிருந்து வந்தவர்களில் கிருஷ்ணன் கலைச்செல்வி இருக்கிறார். பதுளையில் அம்பிகா சாமுவேல் இருக்கிறார். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் போனது அதுவே முதல் தடவை. எழுபது வருடத்துக்கு மேலாகப் பெண்கள் பறித்த கொழுந்தில் ஓடிய கட்சிகளுக்கு இது தோன்றவேயில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய அரசாங்கத்தின் தாய்க்கட்சியான ஜே.வி.பி., ஒரு காலத்தில் ஐந்து வகுப்பு நடத்தியது. இந்திய விஸ்தரிப்புவாதம் என்ற வகுப்பில் எங்கள் ஆட்களை அந்த விஸ்தரிப்பின் கருவிகளாகப் படிப்பித்தார்கள். அதே பரம்பரை 2023 ஒக்டோபரில் ஹட்டனுக்கு வந்து எங்கள் மக்களுக்கென்று ஹட்டன் பிரகடனம் வெளியிட்டது. மனம் மாறியதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பிரகடனத்தை எழுதியவர்களே இப்போது அரசாங்கம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவர்களும் அவர்களே. தனக்குத் தானே மகஜர் கொடுக்க முடியாது என்ற சங்கடத்தில் கைதட்டுகிறார்கள். இளம் கைகள், சத்தம் நன்றாகக் கேட்கிறது.

எல்லோரிலும் சிறந்தவர் எங்கள் மத்திய மாகாண சபை உறுப்பினர். எந்த ஜனாதிபதியின் எந்த முன்னுரிமையையும் அவர் எதிர்த்ததில்லை. சம்பளம் கேட்டதில்லை, வாகன பெர்மிட் கேட்டதில்லை, அறிக்கை விட்டதில்லை. 2013 செப்டெம்பரில் தெரிவான சபை 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பின் தேர்தலே இல்லை, ஆகவே உறுப்பினரும் இல்லை. மைத்திரிபால, கோட்டாபய, ரணில், அநுர என்று நான்கு ஜனாதிபதிகள் அவரது மௌனத்தை அனுபவித்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பாடசாலை பலவும் இந்த மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ்தான். அதைத் தட்டிக்கேட்க ஆளில்லாத நிலையில் நிர்வாகம் எவ்வளவு அமைதியாக நடக்கிறது பாருங்கள்!

காணி வீட்டுக் கதை நீளமானது. சுருக்கிவிடுகிறேன், ஏனென்றால் அது நீண்டுகொண்டே போகிறது. 2017 மே மாதம் நரேந்திர மோடி நோர்வூட்டுக்கு வந்து, முன்னர் சொன்னவற்றோடு மேலும் 10,000 வீடு என்றார். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, நாங்களும் வரவேற்றோம். 2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார, அதே திட்டத்தின் கீழ் சுமார் 2000 பேருக்குப் பத்திரம் கொடுத்தார். மோடி வந்த வருடம் பிறந்த பிள்ளை எட்டு வயதாகி, அப்பா கையிலுள்ள வீட்டுப் பத்திரத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது. வீட்டுக்குக் காணி ஏழு பேர்ச்சா, பத்துப் பேர்ச்சா என்ற விவாதம் அந்தந்த அமைச்சரின் காலத்தில் சூடாக நடந்து, அந்தந்த அமைச்சரோடு ஆறிப்போயிற்று. நிலமோ அரசாங்கத்தினுடையது, 2045 வரை கம்பெனிகளின் குத்தகையில் இருக்கிறது.

பிறகு டித்வா புயல் வந்தது. 2025 நவம்பர் கடைசி. மலை சரிந்தது, நாடு முழுதும் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், எங்கள் மாவட்டம் அதிகம் அடிபட்டவற்றில் ஒன்று. வீட்டை முற்றாக இழந்தவர்களுக்கு வீடு கட்ட 50 இலட்சம் ரூபாய் வரை என்று அரசாங்கம் அறிவித்தது. பெரிய தொகை. வீடு யாருடையது என்ற கேள்வி அங்கேதான் வந்து நின்றது. லயம் தோட்டத்தினுடையது, அதில் நாலைந்து தலைமுறையாக இருக்கிறவன் குடியிருப்பவன், சொந்தக்காரன் அல்ல. தன்னுடையதல்லாத கூரை தன் தலையில் விழுந்தவனுக்கு எந்தப் படிவம்? இந்த இடத்தில் எங்கள் உறுப்பினர்கள் சிலர் குரல் எழுப்பினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எழுப்பியது 2025 டிசம்பரில். லயம் தோட்டத்தினுடையது என்பது அன்று தெரியவந்த செய்தி அல்ல. பெரியவர் அமைச்சரவையில் ஏறிய 1978இலும் அது தோட்டத்தினுடையதுதான். நான்கு ஜனாதிபதிகளோடும், அதற்குப் பின் வந்த ஐவரோடும், அது தோட்டத்தினுடையதாகவே இருந்து வந்திருக்கிறது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துக்கு எம்.பி. வரும்போது, ஆளும் கட்சியோ எதிர்க்கட்சியோ, மாலையைக் குறைக்காதீர்கள், நன்றாகவே போடுங்கள். போட்டு முடிந்ததும் இந்தக் கேள்விகளை மட்டும் கேளுங்கள். அரசாங்கம் கொடுக்கிற 200 ரூபாய் எத்தனை வருடத்துக்கு? அது நின்றால் கம்பெனி கொடுக்குமா? அந்த 200க்கு சேமலாப நிதி உண்டா? அரைப்பேர் போட்டால் அது கிடைக்குமா? கூட்டு ஒப்பந்த மேசை திரும்ப வருமா? மாகாண சபைத் தேர்தல் எப்போது? என் லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் எந்த வருடம்? அவர் சொல்லும் பதிலைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, அவரிடமே ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.